ரெண்டுல ஒண்ணு குடு

இது கட்டுக்கதைன்னு சொல்றவங்க முதல்ல பூங்காவனத்தோட போனை வாங்கிப் பாருங்க. பாத்துட்டு வந்து என்கிட்ட பேசுங்க. போன கார்த்திகையில, கடை ஞாயிறு அன்னைக்கு, விரிஞ்சிபுரம் கோயில்ல சோபனாவுக்கு நடந்தது இது. நான் அவளோட அதே லைன்ல வேலை செய்யறவ. ஒரு எழுத்து கூட்டலை.

ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை எங்களுக்கு. சோபனா பேஸ்டிங் டேபிள். தோலுக்கு சொல்யூஷன் தடவி ஒட்டுற வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கலை. ஊர் வாய் சும்மா இருக்குமா? வளைகாப்புன்னா இவளைக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் பின்னால நிக்க வெப்பாங்க. புருஷன் சம்பத் நல்லவன்தான், ஆனா வாய் திறக்காத நல்லவன். அதனால இவளே ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவா.

வேலூர் டாக்டரம்மா ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் குடுத்திருந்தாங்க. மாமியார் கோவிந்தம்மாளுக்கு அது பிடிக்கலை.

"கடை ஞாயிறுக்குக் குளத்துல முங்குனா போதும். மாத்திரை இன்னாத்துக்கு?"

"ரெண்டும் பண்றேன் அத்தை. எது கேக்குதோ கேக்கட்டும்."

அந்த வழக்கம் எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். கொழந்தை வேணும்ங்கற பொம்பளைங்க நடுராத்திரி கோயில் குளத்துல முங்கி, ஈரப் புடவையோட பிரகாரத்துல படுக்கணும். கனவுல பூவோ பழமோ வந்தா வயித்துல தங்கும்னு நம்பிக்கை. "கனவுல இன்னா வந்தாலும் யார்கிட்டயும் வாய் திறக்காத"ன்னு மாமியார் சொல்லி அனுப்புனாங்க. துணைக்கு எங்க லைன் பூங்காவனம் போனா. அவளுக்கு மூணு பசங்க, அதனால அவ முங்கலை.

மணி 1.20க்கு சோபனா முங்கி எழுந்தா. அப்படி ஒரு குளிர். பிரகாரம் முழுக்கப் பொம்பளைங்க, கால் வைக்க இடமில்லை. இருட்டுல தடவித் தடவி ஓரமா ஒரு இடம் பிடிச்சுப் படுத்தா. வலது பக்கம் பூங்காவனம் போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

கண் அசந்ததும் கனவு வந்தது. மடியில ரெண்டு எலுமிச்சம்பழம். மஞ்சள்னா அப்படி ஒரு மஞ்சள்.

முழிப்பு வந்தது.

சொட்... சொட்...

இடது பக்கம் ஒருத்தி படுத்திருந்தா. முகத்தை முடி மூடியிருந்தது. மத்தவங்க புடவை பாதி காஞ்சிருந்தது. இவளோடது மட்டும் இப்பதான் முங்குனாப்பல சொட்டுது. சுத்தி எல்லாருக்கும் பல்லு தந்தி அடிக்குது. இவ நடுங்கலை. பாசி வாடை வேற.

"ரெண்டு வெச்சிருக்க."

சோபனா மடியைத் தடவிப் பாத்தா. கனவை இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே...

"ரெண்டுல ஒண்ணு குடு."

வேற யாரா இருந்தாலும் அலறியிருப்பாங்க. இவளுக்குக் கோவம் வந்துடுச்சு. ஆறு வருஷம் காத்திருந்து கிடைச்சது, நேத்து வந்தவளுக்குப் பங்கா?

"குடுக்க மாட்டேன், போ."

முந்தானையை மடியோட சேத்து இறுக்கிப் பிடிச்சா. அப்ப பளிச்சுன்னு ஒரு வெளிச்சம். பூங்காவனம் போட்டோ எடுத்தா. அவ போன்ல மணி 3.10. சோபனா வீம்புக்கு அந்தப் பக்கம் திரும்பாம விடியற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தா.

மார்கழி இருபது. விடிகாலை 5 மணி. கிட்ல ரெண்டு கோடு. ஐயோ, அவ அழுத அழுகை! "மூணு மாசம் முடியற வரைக்கும் வெளிய மூச்சு விடாத"ன்னாங்க மாமியார். இவ கேப்பாளா? அன்னைக்கே சூப்பர்வைசர் நயீம் அகமது முன்னால போய் நின்னா.

"சார், மாசமா இருக்கேன். சொல்யூஷன் வாடையில இனிமே உக்கார மாட்டேன்."

அவர் உடனே "செக்கிங்குக்குப் போம்மா"ன்னுட்டார்.

தை ஆறாம் தேதி முதல் ஸ்கேன். டாக்டரம்மா சிரிச்சாங்க.

"ரெட்டை. ரெண்டுக்கும் துடிப்பு நல்லா இருக்கு."

சோபனா சிரிக்கலை. அவளுக்கு அந்த ரெண்டு எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் வந்தது.

"சில பேருக்கு ரெட்டையில ஒண்ணு தானாவே கரைஞ்சுடும். அது யார் தப்பும் இல்ல. பன்னெண்டாவது வாரம் திரும்பப் பாக்கலாம்."

அன்னைக்கு ராத்திரி முழிப்பு வந்தது. மணி 3.10. பாய்ல இடது பக்கம் ஈரம். சம்பத் வலது பக்கம் தூங்கறான். வெளிய மழை இல்லை.

மறுநாளும் 3.10.

சொட்...

"ஒண்ணு..."

"போடீ!"

இப்படியே ஒரு மாசம். மாத்திரை தவறலை. முட்டை, கீரை தவறலை. ராத்திரி எழுந்து அவளைத் திட்டறதும் தவறலை. ஆனா பகல்ல தனியா இருந்தா வயித்துல கை வெச்சுக்கிட்டு, "ரெண்டு பேரும் இருக்கீங்களா"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. அந்த பயம் மட்டும் போகலை.

ஸ்கேனுக்கு முந்தின ராத்திரி.

3.10.

ஈரம் பாய்ல இல்லை.

வயித்து மேல...

அஞ்சு விரல்.

சோபனா அந்தக் கையைத் தட்டி விட்டா. தண்ணியைத் தட்டுனாப்பல இருந்தது.

"உனக்கும் தங்கலையா? பாவம்தான். அழணும்னா அழு. ஆனா இது என்னோடது. ரெண்டும்."



மறுநாள் காலைல 11.40. டாக்டரம்மா மிஷினை இப்படி நகத்துனாங்க, அப்படி நகத்துனாங்க. சோபனா சாமியைக் கூடக் கும்பிடலை, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா.

"ரெண்டும் ஜோரா இருக்கு."

சாயந்திரம் ஷிப்ட் விட்டதும் பூங்காவனத்தை கேட்ல நிறுத்துனா. நானும் பக்கத்துல இருந்தேன்.

"கோயில்ல என் இடது பக்கம் ஒருத்தி படுத்திருந்தாளே, யாருடீ அவ?"

"இடது பக்கமா? பேஜார் பண்ணாத. அங்க ஏது ஆளு? நீ செவுத்தோட ஒட்டிக்கிட்டு இல்ல படுத்திருந்த."

போனை எடுத்துக் காட்டுனா. அதுவரைக்கும் அவளும் அதைச் சரியாப் பாத்ததில்லை.

மணி 3.10. சோபனா. அவ இடது தோளை ஒட்டிக் கருங்கல் செவுரு. நடுவுல ஒரு ஆள் படுக்க இடமே இல்லை.

செவுத்துல ஈரம்.

ஆள் நீளத்துக்கு.

தலை... தோள்... கால்...

அந்த ஈரத்துல இருந்து ஒரு கை மட்டும் தரையில நீண்டு வந்து, சோபனாவோட முந்தானைக்கு ஒரு விரல் முன்னால நின்னிருந்தது.

சோபனா போனை வாங்கி, அந்தக் கையைப் பெருசாக்கிப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"அங்கயே நில்லு"ன்னா.