வெள்ளியங்கிரிக்கு வைத்த சோறு

சான் ஹோசேயில் காகத்துக்கா பஞ்சம்? குப்பைத்தொட்டிக்குத் தொட்டி உட்கார்ந்து பிட்சா ஓரத்தைக் கொத்திக்கொண்டிருக்கும். ஆனால் வெள்ளியங்கிரியின் பதினாறாம் நாள் காரியத்தன்று, அபார்ட்மெண்ட் பால்கனியில் அவர் மனைவி பவளம் வைத்த சோற்றை ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வாழையிலை கிடைக்காமல் பேப்பர் தட்டில் வைத்தது குற்றமோ என்று சில்வர் தட்டுக்கு மாற்றிப் பார்த்தாள். கா கா என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். வந்திருந்த சுந்தரராமன் அங்கிள் சும்மா இருந்திருக்கலாம். "ஏதோ ஆசை பாக்கி வெச்சுட்டுப் போயிருக்கார்மா. அதான் எடுக்க மாட்டேங்கறார்" என்று சொல்லிவிட்டு, ட்ராஃபிக் வருமுன் ஃப்ரீவேயைப் பிடிக்கணும் என்று கிளம்பிவிட்டார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவது சிலருக்குச் சுலபம். அதை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்குவது மற்றவர்கள் பாடு.

இது 1997 மார்ச்சில். பவளம் கோபிசெட்டிபாளையத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, மகள் வெண்பாவை டேகேரில் விட்டுவிட்டு, சர்க்யூட் போர்டு கம்பெனியில் அசெம்ப்ளி வேலைக்குப் போனவள். வெள்ளியங்கிரி சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஆபீஸ் பார்க்கிங் லாட்டில், கார் கதவைத் திறந்த கையோடு சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அவருக்கு அப்படி என்ன ஆசை பாக்கி? வீடு வாங்கவில்லை, அதற்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. சனிக்கிழமையானால் அவர் போகும் இடம் ஒன்றே ஒன்று. வளைகுடா முடிகிற இடத்தில், பழைய உப்பளங்களை ஒட்டிய சிறிய பறவைச் சரணாலயம். அங்கே உள்ளங்கையில் அடங்கும் ஒரு பறவை, கூடு என்று ஒன்றைக் கட்டத் தெரியாமல், உப்புத் தரையில் ஒரு குழியைக் கீறி முட்டையிடும். நம்மூரில் அதன் சொந்தக்காரர்களை உப்புக்கொத்தி என்போம். அந்த இனம் அருகிக்கொண்டே வந்தது.

காவலுக்கு இருந்தவர்கள் ஓலோனிப் பழங்குடிக் குடும்பங்கள் சில. வெள்ளைக்காரன் வருமுன் இந்த வளைகுடாவே அவர்களுடையது. தங்கள் மண்ணைத் தாங்களே கூலியில்லாமல் காப்பதற்கு, பூங்கா இலாகாவிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி டொலோரஸ், ஐம்பதைத் தாண்டிய, சிரிக்கவே காசு கேட்கிற முகம். அவர்களோடு வெள்ளியங்கிரியும் தொப்பியும் பைனாகுலருமாக உட்கார்ந்திருப்பார். வருஷக்கணக்காகக் காத்தும் ஒரு குஞ்சு பொரித்து ஓடுவதை அவர் பார்த்ததில்லை. நரியோ வெள்ளமோ முந்திக்கொண்டது. "இந்த வருசம் கட்டாயம் பார்த்துப்போடலாம்" என்று சொல்லியிருந்தார்.

அதுதான் பாக்கி என்று பவளத்துக்குப் பட்டது. அடுத்த அமாவாசையன்று, அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதத்தை டிஃபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு அந்தக் கரைக்குப் போனாள். தட்டை வைத்துக் கூப்பிட்ட மாத்திரத்தில் ஒரு காகம் இறங்கியது. நம்மூர்க் காகம்போலக் கழுத்தில் சாம்பல்கூட இல்லாத முழுக் கறுப்பு. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தது. வெள்ளியங்கிரிக்கும் இடது முழங்காலில்தான் வலி. பவளம் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"ஏனுங்க, வந்துட்டீங்களா? சாப்புடுங்க, நல்லாச் சாப்புடுங்க."

அதன்பின் அவர் தொப்பியை அவள் போட்டுக்கொண்டாள்; அவர் இடத்தில் காவலுக்கு உட்கார்ந்தாள். அமாவாசைக்கு என்று ஆரம்பித்த சோறு சனிக்கிழமைதோறும் ஆனது. கரையின் மறுகோடியில், யார் கண்ணிலும் படாமல் வைப்பாள். நொண்டிக் காகம் தன் கூட்டத்தையும் கூட்டி வந்தது. "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பேர்ட்" என்றாள், வளர்ந்துவிட்ட மகள் வெண்பா. பவளம் டிஃபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் போனபின் அவள் கொஞ்சமேனும் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

ஆனால் கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. டொலோரஸ் உடைந்த முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "காகம். முன்ன இந்தப் பக்கம் இத்தனை வந்ததில்ல. யாரோ தீனி போட்டுப் பழக்கியிருக்காங்க" என்றாள். அது வேறு காகமாக இருக்கும் என்று பவளம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு எப்போதும் தனக்கு வேண்டிய வக்கீலை வைத்துக்கொள்ளும்.

கடைசியாக மிஞ்சிய ஒரு கூட்டுக்கு அவளையே காவல் வைத்தார்கள். முட்டையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. இன்றோ நாளையோ பொரித்துவிடும். வழக்கம்போல் மறுகோடியில் சோற்றை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்த நொண்டிக் காகம், வீட்டு மனிதர் கைகழுவிவிட்டு வருவதுபோல அவள் பின்னாலேயே வந்தது. அவளைத் தாண்டி, நேரே குழிக்கு நடந்தது. தாய்ப் பறவை சிறகு ஒடிந்ததுபோல் நடித்து, விழுந்து விழுந்து கத்தியது. பவளம் எழுந்து நின்றாள். கையை ஓங்கினாள். அவ்வளவுதான். சூ என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. அவரை எப்படி விரட்டுவது? இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவரை எதிர்த்துப் பேசியறியாத வாய் அது. அவர் பார்க்க ஆசைப்பட்ட குஞ்சை, அவர்தான் என்று அவள் நினைத்த காகமே, முட்டையை உடைத்து அவள் கண்ணெதிரே தின்று தீர்த்தது.

அன்றே டொலோரஸிடம் போய், தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். சோறு, பதினாறாம் நாள், நொண்டிக் கால், எல்லாம். டொலோரஸ் சிரிக்கவில்லை. தன் முன்னோர் புதைந்த மேட்டின்மேல் ஷாப்பிங் சென்டர் நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவள் அவள். செத்தவர்களைப் பற்றிய பேச்சுக்குச் சிரிக்க மாட்டாள். ஆனால் ஆறுதலும் சொல்லவில்லை.

"நீ தெரிஞ்சு செய்யல. ஆனாலும் முட்டை போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

பவளம் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஜூலைக் கடைசியில் டொலோரஸே ஃபோன் பண்ணினாள். அந்தப் பறவை மறுபடி முட்டையிட்டிருக்கிறதாம். காவலுக்கு ஆள் போதவில்லையாம். "வந்தா காகத்தை விரட்டணும். முடியும்னா வா. முடியாட்டி வராதே."

காலண்டரைப் பார்த்தால், வரச் சொன்ன நாள் ஆடி அமாவாசை. வருஷத்தில் எந்த அமாவாசையை விட்டாலும் விடக்கூடாத அமாவாசை. பவளம் குளித்து, அரிசிம்பருப்பு ஆக்கி, அடுப்பின் மேலேயே மூடி வைத்தாள். வெறும் தட்டையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

உச்சிப் பொழுதில் அது வந்தது. அவள் காலடியில் இறங்கி, தலையைச் சாய்த்து, தட்டைப் பார்த்தது. பவளம் கரண்டியால் தட்டில் அடித்தாள். காகம் இரண்டடி தள்ளிப்போய் நின்று திரும்பிப் பார்த்தது.

"போங்க" என்றாள். "இங்க வராதீங்க. போங்க, உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். போயிருங்க!"

கரை முழுக்கத் தட்டைத் தட்டிக்கொண்டு துரத்தினாள். தொப்பி விழுந்ததுகூடத் தெரியவில்லை. காகம் ஃப்ரீவே பக்கமாகப் பறந்து போயிற்று. மற்றவையும் பின்னால் போயின. அதற்குப் பிறகு அந்த நொண்டிக் காகத்தை யாரும் பார்க்கவில்லை.

சில நாளில் முட்டை பொரித்தது. உப்புத் தரையில், பஞ்சுக்குக் கால் முளைத்தாற்போல ஒரு குஞ்சு தத்தி ஓடியது. டொலோரஸ் பைனாகுலரை அவளிடம் நீட்டினாள். நன்றாகத் தெரிந்தது. அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒரு மனிதர் இருந்தார், இப்போது அவர் இல்லை.

அடுத்த அமாவாசைக்குப் பவளம் பால்கனியில் சோற்றை வைத்தாள். எதிர்க் கூரையில் இரண்டு காகங்கள் சும்மாதான் உட்கார்ந்திருந்தன. அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். விரட்டிய வாயால் எப்படிக் கூப்பிடுவது?