ஏழுமலையின் வலது காலும் மைலேஜும்

புதன்கிழமை மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் பார்த்து, சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் என் கார் ஒர்க்‌ஷாப்புக்குள் தனம் வண்டியோடு வந்து நின்றாள். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்தவள். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டும் கேட்காமல், இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் என்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த பழைய ஹைபிரிட் காரை வாங்கி ரிசார்ட்டுகளுக்கு டாக்ஸி விட்டிருந்தாள். ஓட்டுவது கணவர் ஏழுமலை, ரொம்ப காலம் ஃபைபர் போட் ஓட்டியவர்.

"லிட்டருக்குப் பதினொண்ணு தாண்டல அண்ணே. பங்க்குக்காரனுக்குத்தான் சம்பாரிச்சுகினு கீறேன். ஞாயித்துக்கிழம வண்டிய வாங்கிக்க புரோக்கர் வர்றான். மைலேஜ் ஏறலன்னா தள்ளிவுட்டுட்டு மறுபடி மீன் கூடதான். ஊரே சிரிக்கும்."

வழக்கமான வேலைகளைப் பார்த்தேன். டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது. படகு வரைக்கும் மணலில் வண்டியை இறக்க ஏழுமலை குறைத்து வைத்திருந்தார். பின் சீட் ஓரத்தில் பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் காற்று இழுக்கும் ஓட்டையில் கைப்பிடி மணல். சுத்தம் செய்தேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன். வண்டியில் சொருகிப் பார்த்த ஸ்கேனர் பேட்டரியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை தனம் போன் செய்தாள். "பன்னெண்டுதான் அண்ணே." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை திருப்போரூரில் அவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

முதல் சிக்னலில் என்ஜின் தானாக அணைந்தது. ஹைபிரிட் என்றால் அப்படித்தான், அணைந்தால்தான் பெட்ரோல் மிச்சம். ஏழுமலை சட்டென்று பார்க்கிங் கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். என்ஜின் உறுமியதும் நிம்மதியாக மூச்சு விட்டார். ஓடும்போதும் அதே கதை. சத்தம் குறைந்தால் ஒரு மிதி.

"எதுக்கு ஏழுமல மிதிக்கிற?"

"ஆஃப் ஆவுதுல்ல அண்ணாத்த? அலையில மோட்டார் நின்னா போட்டே கவுந்துடும். சத்தம் போச்சுன்னா காலு தானா அமுக்குது."

நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தனம் பின்னாலிருந்து அவர் தோளில் ஒன்று வைத்தாள். மூச்சு வந்ததும் கேட்டேன். "கரை ஏறும்போது இன்னா பண்ணுவ?"

"மோட்டார தூக்கிடுவோம். அலையே தள்ளிகினு போய் வுட்டுடும்."

"இங்கயும் அதான். வேகம் வந்ததும் கால லேசாக்கு. பேட்டரி தள்ளும்."

கடற்கரை ஓர ஈ.சி.ஆர். ரோடு வந்ததும் பயந்து பயந்து காலைத் தளர்த்தினார். சத்தம் நின்றது. வண்டி நிற்கவில்லை.

"போவுது தனம். அதுவா போவுது."

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மாமல்லபுரம் தாண்டி, அவர்கள் குப்பத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம். மைலேஜ் மீட்டர் பதினைந்தானது, பதினெட்டானது. இருபதைத் தொட்டபோது தனம் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். காலை நாஸ்தா யாருக்கும் நினைவில்லை. எனக்குக் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை, சவாரி முடித்து ஏழுமலை நிறுத்தியிருந்த வண்டியில் புரோக்கர் ஏறி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். பேட்டரியில் சார்ஜ் இருந்ததால் என்ஜின் சத்தமே இல்லை. "என்ஜினே செத்துப்போச்சே" என்று இறங்கிப் போய்விட்டார். தனம் அவரைத் திருத்தவில்லை.

மெக்கானிக்குகளே, மைலேஜ் குறைந்த வண்டி வந்தால், பானெட்டைத் திறக்குமுன் ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள். அவர் கால் எதற்குப் பயப்படுகிறது என்று எந்த ஸ்கேனரும் சொல்லாது.