மூக்குக்குப் போகும் கை

என் வீட்டுக்காரருக்கு ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிற வேலை. மெஷினுக்கு என்ன கோளாறு என்று யோசிக்கும்போதெல்லாம் கை தன்னால் மூக்குக்குப் போய்விடும். டோனர் என்கிற கரிப்பொடி அப்பிய விரல் என்பதால், அன்றைக்கு எத்தனை முறை யோசித்தார் என்பது சாயங்காலம் முகத்திலேயே தெரியும். அவர் போகிற ஆபீஸ்களில் 'கரிமூக்கு' என்றுதான் பெயர். "கரிமூக்கு மூக்கைத் தேய்ச்சுட்டாரு, இனிமே மெஷின் ஓடிடும்" என்பார்களாம். அதையும் பெருமையாக என்னிடம் வந்து சொல்வார். அந்தப் பழக்கத்தை விடச் சொல்லி, கல்யாணமான நாளிலிருந்து நானும் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

எங்கள் மகள் ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் வெளியே எடுத்து எங்களிடம் தருவதாகச் சொன்னார்கள். அந்த அறைக்கு ஒரு தலைமை நர்ஸ். கறாரான ஆள். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய கை முகத்தில் பட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

நான் முதல் நாளே பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டேன். இவர் கழுவுவார், கதவு வரை வருவார், பிள்ளை இன்றைக்கு எப்படி இருக்கிறாளோ என்று யோசிப்பார். யோசித்தால் கை எங்கே போகும்? "சார், மூக்கு" என்பார் நர்ஸ். திரும்பப் போவார். நாலு தடவை கழுவுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஐந்து நாளாக இதே கதை. கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

எனக்கு வந்ததே கோபம்! "ஊர் மெஷினையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, உங்க கையை ரிப்பேர் பண்ண முடியலையா?" என்று வராந்தாவிலேயே கத்திவிட்டேன்.

"எனக்கே தெரியாம போகுதும்மா. நான் என்ன செய்ய?" என்றார். குரல் தழுதழுத்தது. ஏன்தான் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

நர்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "கை சும்மா இருந்தா மூக்குக்குத்தான் சார் போகும். அதுக்கு ஒரு வேலை குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் இரண்டு கையையும் மடித்து, பிள்ளையை ஏந்துவது போல வைத்துக்கொண்டார். தலைக்கு ஒரு முழங்கை, முதுகுக்கு ஓர் உள்ளங்கை. கையில் ஒன்றும் இல்லை. டிவி பார்க்கும்போதும் அப்படித்தான், கழற்றிப் போட்ட மெஷின் முன்னால் நிற்கும்போதும் அப்படித்தான். சில சமயம் லேசாக ஆட்டவும் ஆட்டுவார். பஸ் ஸ்டாப்பில் ஓர் அம்மா என் காதருகே வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு?" என்றார்.

"பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இப்படிப் பழகிய நாலாம் நாள் ஆஸ்பத்திரி வாசலில் நான் காத்திருக்க, வேலையிலிருந்து நேராக வந்தார். முகத்தில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"மெஷின் சரியாச்சா?"

"ஆச்சு. ஆனா யாரும் நம்பல. மூக்கைத் தேய்க்கலையேன்னு ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டுத்தான் விட்டாங்க."

அன்று கழுவிய கையை மடித்துக்கொண்டு கதவைத் தாண்டினார். நர்ஸ் பெட்டியிலிருந்து பிள்ளையை எடுத்து, அந்தக் கைகளுக்குள் அப்படியே வைத்தார்.

"இவ்வளவு லேசாவா இருக்கா?" என்றார் இவர். "நான் இதைவிட கனமால்ல தூக்கிப் பழகினேன்."

அவருக்குக் கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் வந்து நின்றது. கை அசையவில்லை. "ஏம்மா, ரொம்ப அரிக்குது" என்று மெல்லச் சொன்னார்.

கழுவிய கையோடு என் முறைக்காக நின்றிருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம்தான் பாக்கி. போகட்டும் என்று அவர் கண்ணைத் துடைத்து, மூக்கையும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். நர்ஸ் என்னிடம் குழாயைக் காட்டினார். அன்றைக்குப் பிள்ளை என் கைக்கு வரவில்லை.