கொடிமேட்டில் ஒரு காணும் பொங்கல்

அப்பா உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். நார்வேயின் காட்டுக் குன்றுகளுக்கு அந்தந்தப் பெயர் எப்படி வந்தது, உலகப் போரில் எந்தக் குன்றில் யார் பதுங்கியிருந்தார்கள் என்பதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே விவரிப்பார். ஆனால் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே தெரியும் கொடிமேட்டுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், "வெறும் பாறை. போய்ப் படி" என்று முடித்துவிடுவார்.

அது வெறும் பாறை அன்று. தண்டவாளத்துக்கு மேற்கே, வேம்பும் உடைமரமும் களாப்புதரும் அடர்ந்து எழுந்த குன்று. உச்சியில் ஒரு செங்கல் மேடையும் அதன் நடுவே துருவேறிய இரும்புக் கம்பமும் இருந்தன. காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றுடன் பல குடும்பங்கள் அங்கே ஏறும். நாங்களும் ஏறுவோம், அப்பாவைத் தவிர. அவருக்கு அன்றைக்கென்று திருத்த வேண்டிய விடைத்தாள்கள் வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதானபோது, அவரும் வந்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தேன். மற்றப் பையன்களின் அப்பாக்கள் வருகிறார்கள் என்பதே என் வாதம். அம்மாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். அடுத்த தெருவில் தன் வீட்டு வாசலில் நின்றிருந்த அவருடைய தங்கை, என் அத்தை, எங்களைப் பார்த்து, "அண்ணா, நீயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

உச்சியில் அம்மா புளியோதரையைப் பிரித்தபோது விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் தாழப் பறந்து வந்தது. அம்மாவின் தம்பி, கேலிக்குப் பேர்போன எங்கள் மாமா, துள்ளி எழுந்தார். சண்டைக் காலத்தில் எதிரி விமானத்தைக் கண்டால் அந்தக் கம்பத்தில்தான் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள் என்று அவர் எங்கோ கேட்டிருந்தார். தம் சிவப்புத் துண்டை அதில் கட்டி, "ஓடுங்கடா, ஜப்பான்காரன் வந்துட்டான்! குழில எறங்குங்கடா!" என்று கூவினார். நாங்கள் சிரித்துக்கொண்டே புதர்களுக்குள் சிதறினோம்.

"மச்சான், நீங்க இன்னா குந்திகினு கீறீங்க? குண்டு உங்க எலையிலதான் வுழப்போவுது!"

அப்பா எழுந்து கம்பத்தருகே போனார். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்க்கச் சற்று நேரமாயிற்று. துண்டை நான்காக மடித்து மாமாவிடம் கொடுத்தார். "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தனியே இறங்கிப் போனார்.

"இன்னாக்கா, தமாசுக்குத்தானே..." என்றார் மாமா.

"நீ வாயை மூடு."

புளியோதரை ருசிக்கவில்லை. என் பொங்கலைக் கெடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் இறுதியில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்தபின் அத்தை சொன்னாள். போரின்போது ஊர் இளைஞர்களை முறைவைத்து மேட்டில் காவல் நிறுத்தியிருந்தார்கள். ஒரு மழைக்காலப் பகலில் அந்த முறை பதினைந்து வயது அப்பாவுடையது. விமானம் ஒன்றைக் கண்டு கொடியை ஏற்றினார். ஊர் முழுவதும் அடிவாரத்துப் பதுங்கு குழிகளுக்கு ஓடியது. வந்தது நம் தரப்பு விமானம். ஆனால் குழிகளில் மழைநீர் நிறைந்திருந்தது. நெரிசலில் அவர்களுடைய கடைசித் தம்பி, நான்கு வயதுக் குழந்தை, நீருக்குள் போய்விட்டான்.

"கொடி ஏத்தினது அண்ணன். புள்ள கையை விட்டது நான். யாரால போச்சுன்னு நாங்க ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் பேசிக்கவே இல்லடா."

அந்தக் காணும் பொங்கல் மாலையில் நாங்கள் இறங்கி வந்தபோது, அப்பா வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அடிவாரத்தில், பழைய குழிகளை மண் கொட்டி நிரப்பிய திடலின் ஓரத்தில் நின்றிருந்தார். என் நண்பர்கள் அங்கே பந்தாடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை நோக்கி ஓடுமுன் அப்பா என் கையைப் பற்றினார். வலிக்கும்படி பற்றினார். பத்து வயதுப் பையனைக் கைக்குழந்தைபோல் நடத்துகிறாரே என்று கூசிப்போய், யார் கண்ணிலும் படாதிருக்க அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நடந்தேன். வீட்டு வாசலில் அவர் பிடி தளர்ந்தது. உடனே கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.