வள்ளியின் உலர்ந்த அடிப்பலகை

போர் லூயி பேருந்து நிலையத்தில் கிராண்ட் பே வண்டியின் நடத்துனர் சொன்னார். "கமலா தந்தின் போயிட்டாங்க. காலையில." பிறகு பயணச்சீட்டைக் கிழித்துத் தந்தார். வழியெங்கும் கரும்பு பூத்திருந்தது.

தந்தின் என்றால் எங்கள் கிரியோலில் சித்தி. கரையில் எல்லோருக்கும் அவர் சித்திதான். கணவர் இறந்தபின் அவருடைய பலகைப் படகைக் கொடுத்துவிட்டு, பிளைவுட்டில் ஒன்று செய்துகொண்டார். பெயர் வள்ளி. எங்கள் விரிகுடாவில் அப்படி வேறு படகு இல்லை. மீனவர்கள் அதைத் தேயிலைப் பெட்டி என்றார்கள். தேயிலைப் பெட்டியும் பிளைவுட்தானே. அவர் கோபித்ததில்லை. "பெட்டிதான். தேயிலை நனையக் கூடாதுன்னுதான பெட்டி?"

புயல் எச்சரிக்கை வந்தால் எங்கள் கரையில் செய்வது ஒன்றுதான். படகில் கல் ஏற்றி, ஆழமில்லாத நீரில் மூழ்கடித்துவிடுவோம். காற்று தூக்காது. பலகையும் ஊறி இறுகிக்கொள்ளும். தந்தினும் வள்ளியை அப்படியே மூழ்கடித்தார். புயல் போனபின் படகு முழுதாக எழுந்தது. எல்லோருக்கும் ஆச்சரியம்.

சுதந்திரக் கொடி ஏறும் வாரத்தில் பாய்மரப் பந்தயம் என்று முடிவானது. நானும் என் மைத்துனன் சிவனும் வள்ளியில் ஏறுபவர்கள். கொடியின் நான்கு நிறங்களிலும் பெயிண்ட் வாங்கி வந்திருந்தான் சிவன். அடிப்பதற்கு முன் தந்தின், உள்ளே கால் வைக்கும் தளப்பலகைகளைத் தூக்கினார். திருப்புளியின் கைப்பிடியால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் ஒலி மாறியது. மொத்தென்று. முனையை வைத்து அழுத்தினார். தடையில்லாமல் இறங்கியது. அடுக்குகள் நனைந்த புத்தகம்போலப் பிரிந்து கிடந்தன.

மேலே பெயிண்ட் அடித்தால் பந்தயத்துக்குத் தாங்கும் என்றான் சிவன். ஊரே வரும் நாளில் வள்ளி கரையில் கிடந்தால் என்ன பேசுவார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"பெயிண்ட் தண்ணிய நிறுத்தாது, சிவன். வெட்கத்தத்தான் மூடும்."

பிறகு வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான்தான் கெடுத்தேன். பலகைக்குத் தண்ணி மருந்து. இதுக்கு ஆகாது. தெரியாம முக்கிட்டேன்."

அவர்கள் வெகுகாலம் காத்திருந்த வாக்கியம். அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நல்ல மரம் தெரியும்வரை வெட்டினோம். துளையின் விளிம்பைச் சரிவாகச் சீவினார். ஒட்டுத்துண்டுக்கும் அதே சரிவு. ஈரத்தில் பசை பிடிக்காது, மார்ச் மழையோ விடவில்லை. தார்ப்பாயைப் போர்த்துவதும் வெயிலுக்கு விலக்குவதுமாக நாட்கள் போயின. தேயிலைப் பெட்டி பந்தயத்துக்குப் போகிறதா, டாக்டரிடம் போகிறதா என்று கரையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"டாக்டரப் பாத்துட்டு வரும். நீ முன்னால போ, தம்பி."

மரம் காய்ந்தது. கருஞ்சிவப்புப் பசை. பித்தளைத் திருகாணிகள். படகை மூழ்கடித்த அதே கற்களை ஒட்டின்மேல் பாரமாக வைத்தார். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துப் பூசினார். "இது விளிம்பாலதான் தண்ணி குடிக்கும்" என்றார். நான்கு நிறத்துக்கு நேரமில்லை. சாம்பல் நிற முதல் பூச்சோடு போனோம். சிவன் கரைப் பக்கம் பார்க்கவே இல்லை.

பந்தயம் தொடங்கியதும் காற்று எழுந்தது. அலை அடிப்பலகையை அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் சிவன் காலடியைப் பார்த்தான். மூன்றாவதாக வந்தோம்.

எத்தனையாவது என்று தந்தின் கேட்கவில்லை. உள்ளே தெறித்திருந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்தார். படகை நீரிலேயே விடச் சொன்னார். விருந்தெல்லாம் முடிந்த மாலையில், கைகளை உயர்த்தியபடி இடுப்பளவு நீரில் நடந்து போனார். தளப்பலகையைத் தூக்கி ஒட்டின்மேல் கையை வைத்தார். உள்ளங்கையைக் கரைக்குக் காட்டினார். உலர்ந்திருந்தது. யாரோ கைதட்டினார்கள். மறுநாளும் தேயிலைப் பெட்டி என்றுதான் சொன்னார்கள். குரல் வேறு.

தந்தினின் சாம்பலைக் கடலில் கரைக்க வள்ளியில்தான் போனோம். வலை பின்னுகிறவர்களின் படகுகள் பின்னால் வந்தன. அவை எல்லாம் கரை சேர்ந்தபின், நான் தளப்பலகையைத் தூக்கினேன். ஒட்டைத் தட்டினேன். தெளிவான ஒலி. கையை வைத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சைகை. உள்ளங்கையைத் திருப்பிக் கரையில் நின்றவர்களுக்குக் காட்டினேன்.