எல்லை தீரும் மட்டும்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கல்யாணத்தைத் தீர்த்துவிட உட்கார்ந்த பெரியவர்கள் அன்று ரொம்பவே ஏமாந்துபோனார்கள். அவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. நானும் சண்டைக்காரி இல்லை. ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இதற்காகவா விஜயபுரம் வரை வெயிலில் நடந்து வந்தோம் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பாத்திரங்களும் பட்டுப்புடவையும் பிரிந்துவிட்டன. ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளி ஆளுக்கொரு பாதியைப் பின்னால் போட்டோம், கல்யாணம் தீர்ந்தது. துரும்பு போட்டவர்கள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கக்கூடாது. மிச்சம் இருந்தது என் இடுப்பில் இருந்த மகள். வழக்கப்படி பிள்ளை தகப்பனுக்கு. அவளைக் கொடுத்துவிட்டு நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று அழுதேன்.

அப்போது எங்கள் பக்கம் எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று தகராறு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் இங்கேயே நிற்கும், அவர் ஊர் அந்தப் பக்கம் போகும் என்று பேச்சு.

"பாப்பா தெலுங்கு படிக்கணுமா, தமிழ் படிக்கணுமான்னே தெரியல," என்றார் ஒரு பெரியவர். "எல்லை தீர்ற மட்டும் அம்மாகிட்டயே இருக்கட்டும். அப்பால நைனா வந்து இட்டுக்கினு போவட்டும்."

சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கவர்மெண்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

வருஷங்கள் போயின. எல்லை என்ன ஆச்சு என்று டீக்கடையில் தினமும் விசாரிப்பேன். என் அக்கறையைப் பார்த்து இரண்டு கட்சிக்காரர்களுமே என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நாராயணவனம் கோயிலில் எல்லோரும் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்வார்கள். நான் தகராறு நீடிக்க வேண்டிக்கொண்டேன்.

பெருமாள் முடிந்தவரை பார்த்தார். ஒருநாள் தீர்ந்தேவிட்டது. மகளின் அப்பா ஊருக்குப் போகிற வண்டிப்பாதையில் எல்லைக்கல் நட்டு, காவி பூசினார்கள். பூசிய அன்றே அவர் எங்கள் வாசலுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஒரு பாவாடை, மூன்று வயசுப் பிள்ளைக்குத் தைத்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்து, "யாரும்மா இவுரு?" என்றாள்.

அவர் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"எல்லை இன்னும் தீரலயாமே," என்றார் என்னைப் பார்த்து. "கல்லே நடலன்னு சொல்றாங்க. தீரட்டும், வரேன்."

பாவாடையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஈரக் காவி.