வெள்ளிக்கிழமைக்கு வந்த ஓங்கில்

யுத்த காலம். சாந்தோமில் எங்கள் கத்தோலிக்க வீட்டில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சி கூடாது, மீன் ஆகும். தவக்காலத்தில் பெண்கள் பூ வைப்பதும் இல்லை. ஆனால் அம்மா மட்டும் தினமும் மல்லிகை வாங்கிச் சின்னம்மாவின் அறைக்குள் கொண்டுபோவாள். சின்னம்மா தலையில் ஒரு நாளும் நான் பூவைப் பார்த்ததில்லை. பிறந்த ஒரே வாரத்தில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள் அவள். பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு வாய் சாப்பிட மாட்டாளா என்பதுதான் வீட்டில் எல்லாருக்கும் கவலை.

அந்த வெள்ளிக்கிழமை மாமா கடற்கரையிலிருந்து ஒரு பெரிய துண்டை இலையில் சுற்றி எடுத்து வந்தார். வலையில் சிக்கிய ஓங்கில். இப்போது டால்பின் என்கிறார்களே, அது. அம்மா மிளகு நிறைய அரைத்துக் குழம்பு வைத்தாள். வாசனைக்கோ என்னவோ, சின்னம்மா தானாகவே வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று முதுகெலும்புள்ள பிராணிகள் ஐந்து வகை; அந்த வாரம்தான் பள்ளியில் படித்திருந்தேன்.

"இது மீன் இல்ல. இன்னிக்குத் தின்னா பாவம்," என்றேன்.

"கடல்ல கீறது மீன் இல்லாம இன்னா, ஆடா?" என்று மாமா சிரித்தார்.

விடுவேனா? இதற்குச் செவுள் கிடையாது, மேலே வந்து நம்மைப் போல மூச்சு விடும், ரத்தம் சூடாக இருக்கும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று ஒப்பித்தேன்.

"பாலு குடுக்குமாடி?"

கேட்டது சின்னம்மா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆமா சின்னம்மா. அதுவும் நாமளும் ஒரே வகை."

"அதான் சின்னது ஒண்ணு வலைய சுத்திக்கினே வந்துச்சா," என்றார் மாமா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சின்னம்மா முந்தானையால் மார்பை அழுத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். குழந்தை போனதிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அம்மா பின்னாலேயே ஓடினாள்.

குழம்பைத் தென்னை மரத்தடியில் புதைத்தார்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னும் பாவத்திலிருந்து வீட்டையே காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு. பாவத்துக்குப் பயந்துதான் சின்னம்மா அழுகிறாள் என்றும் நினைத்தேன். சாயங்காலம் அவள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அம்மா வழக்கம்போல் மல்லிகையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிள்ளையை இழந்தவளுக்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவார்கள் என்பது, நான் பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.